பதிலாளர் எண் பதினேழு

குழந்தையம்மாள் அந்தக் கல்லூரியில் நூலக உதவியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. காலை எட்டரைக்குக் கதவைத் திறப்பாள். மேசைகளைத் துடைப்பாள். மாணவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை எண் பார்த்து அடுக்குவாள். மாலையில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் பேருந்து பிடிப்பாள்.

அதற்குச் சில வருடம் முன்பு வரை பன்னிரண்டு வருடம் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் சைடராக இருந்தாள். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் பக்கத்திலேயே நடந்து நடந்து, அறுந்த நூலைப் பிடித்துத் திரும்ப ஒட்டவைப்பதுதான் சைடரின் வேலை. எட்டு மணி நேரத்தில் உட்காருவது என்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான். இருமல் நிற்காமல் போனபிறகு ஆலையை விட்டாள். சில வருடத்தில் ஆலையையும் மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அவள் கணவர் வெள்ளியங்கிரி அங்கேதான் காவலாளி. ஒரே மகள் திருமணமாகி ஈரோட்டில் இருக்கிறாள்.

கல்லூரி, சமூகப்பணிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி. இரண்டு வருடம் படித்து முடிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதிக்கொடுக்க வேண்டும். நூலகத்தின் பின்னறையில் அப்படி அறுநூற்று நாற்பது ஆய்வேடுகள் இருந்தன. கறுப்பு அட்டை, பொன் எழுத்து, உள்ளே பெரும்பாலும் ஆங்கிலம். சாயப்பட்டறைக்காரர்கள், கல்குவாரிக் குழந்தைகள், குடிக்கு அடிமையானவர்களின் மனைவிகள், ஆலைப் பெண்கள் என்று சுற்றுவட்டாரத்து மக்களைப் பற்றியே எல்லாம். அந்த மக்களில் ஒருவர்கூட வந்து அவற்றைத் திறந்து பார்த்ததில்லை. எப்படி எழுத வேண்டும் என்று பார்க்க அடுத்த வருட மாணவர்கள் வருவார்கள். மற்றபடி தூசி தட்ட குழந்தையம்மாள்தான்.

சென்ற வருடம் ஆடி மாதத்தில் பிரவீனா வந்து சேர்ந்தாள். முப்பத்தொரு வயது. முனைவர் பட்டம் முடித்தவள். ஓர் அறக்கட்டளையின் உதவியோடு பத்து மாதத் திட்டம் ஒன்றை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். ஆய்வேடுகள் எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்ற வேண்டும். உரையைப் படித்துப் பகுத்துப் பார்க்கும் கருவி ஒன்று கணினியில் இருந்தது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, எந்தெந்த ஆய்வுகள் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன, பேட்டி கொடுத்தவர் மகிழ்ச்சியாகப் பேசினாரா வருத்தமாகப் பேசினாரா என்றெல்லாம் அது பிரித்துக் காட்டும். மகிழ்ச்சி என்றால் பச்சை, வருத்தம் என்றால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் சாம்பல். கடைசியில் ஒவ்வோர் ஆய்வையும் எளிய தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரும். மகளிர் குழுக்காரர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், யாரைப் பற்றி ஆய்வு எழுதினார்களோ அவர்களும் படிக்கலாம்.

"பத்தாவது படிச்சவங்களுக்குப் புரியணும். அதுதான் அளவு" என்று பிரவீனா சொன்னாள். "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்கக்கா?"

"பத்தாவதுங்க. பரீட்சை எழுதலைங்க" என்றாள் குழந்தையம்மாள்.

அப்படித்தான் அவள் அந்தத் திட்டத்தில் சோதனை வாசகர் ஆனாள். கேன்டீன்காரம்மாவும் தோட்டக்காரரும்கூட முதலில் சேர்ந்தார்கள். இரண்டாவது வாரத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, ஆய்வேட்டு அறையில் உட்கார்ந்து, கருவி எழுதிய சுருக்கங்களைக் குழந்தையம்மாள் படிப்பாள். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே மூன்று கட்டம் இருக்கும். புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை. ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும்.

ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. அவள் சொன்ன சொல்லைப் பிரவீனா அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரு சுருக்கத்தில் 'பெண் தலைமைக் குடும்பங்கள்' என்று இருந்தது.

"இது யாருங்க? ஏதோ பதவியில இருக்கறவங்க மாதிரி இருக்குதுங்க" என்று கேட்டாள் குழந்தையம்மாள்.

"புருசன் இல்லாத குடும்பம்க்கா. செத்துப்போயிருக்கலாம், விட்டுட்டுப் போயிருக்கலாம்."

"அப்ப அப்பிடியே எழுதிப்போடுங்க. எதுக்குத் தலைமைன்னு கிரீடம் வெச்சுக்கிட்டு."

ஆனால் தொண்ணூறு, நூறு என்று சுருக்கங்கள் போகப் போக அவளுக்கு அலுப்புத் தட்டியது. சொற்கள் எளிமையாகிவிட்டன. அதனால் துயரங்கள் நேராக வந்து விழுந்தன. குடித்துவிட்டு அடிப்பவன், சாயத்தண்ணீர் இறங்கிய கிணறு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்பிள்ளை. ஒன்று முடிந்தால் அடுத்ததிலும் அதேதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. மாலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். பழைய ஆலைக் களைப்பு காலில் இருந்தது. இந்தக் களைப்பு எங்கே இருக்கிறதென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் பிரவீனா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயம் பரிந்துரைகள். அவற்றில் மட்டும் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று கருவியைக் கேட்டிருந்தாள். அறுநூற்று நாற்பதில் ஐந்நூற்று எழுபத்தோர் ஆய்வேடுகள், மக்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று முடிந்திருந்தன.

குழந்தையம்மாள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாங்க எப்பங்க தூங்குனோம், முழிச்சுக்கறதுக்கு?" என்றாள்.

பிரவீனா சிரித்தாள். பிறகு அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மார்கழியில் நூற்பாலைப் பெண்களைப் பற்றிய ஆய்வுகள் வந்தன. மொத்தம் முப்பத்தெட்டு. பிரவீனாவுக்கு அதில் ஒரு வியப்பு காத்திருந்தது. கருவி எல்லாத் தொழில்களையும் ஒப்பிட்டு ஒரு படம் போட்டிருந்தது. சாயப்பட்டறை சிவப்பு. செங்கல் சூளை சிவப்பு. வீட்டு வேலை செய்பவர்கள் பாதிச் சிவப்பு. ஆலைப் பெண்கள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தார்கள். இருபது வருடத்து ஆய்வுகளும் ஒன்றுபோல அதையே சொல்வதால் கட்டுரை ஒன்று எழுதலாம் என்று பிரவீனா நினைத்தாள். சுருக்கத்தை அச்செடுத்துக் குழந்தையம்மாளிடம் கொடுத்தாள். 'ஆலையில் வேலை செய்த பெண்கள் பெரும்பாலும் மனநிறைவோடு இருந்தார்கள்' என்று அது தொடங்கியது.

நான்கு மணிக்குத் தாள் திரும்பி வந்தது. எல்லாப் பத்திக்கும் 'புரிந்தது' கட்டத்தில் குறி இருந்தது. முதல் பத்திக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் எழுதியிருந்தாள்: 'புரிகிறது. ஆனால் பொய்.'

பிரவீனா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க்கா இப்படி எழுதியிருக்கீங்க?"

"தப்புங்களா? அதுக்குக் கட்டம் இல்லீங்க. அதான் ஓரத்துல எழுதிப்போட்டேன்."

"தப்பில்லக்கா. எது பொய்னு கேக்கறேன்."

"மனநிறைவுங்கறதுங்க. நான் பன்னெண்டு வருசம் அங்க இருந்தவ. எங்க செட்டுல முப்பது பேரு. நிறைவா இருந்தவ ஒருத்தி பேரச் சொல்லச் சொன்னா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

பிரவீனா கருவியைத் திறந்தாள். ஒரு முடிவை எந்தெந்த வரிகளிலிருந்து எடுத்தது என்று கேட்டால் அது காட்டும். பல ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் பேட்டிகள் பேசிய தமிழிலேயே இருந்தன. அந்த வரிகள் திரையில் பச்சைப் பட்டை போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கின.

வேலை எப்படி இருக்கிறது? பரவாயில்லைங்க. விடுதிச் சாப்பாடு? பரவாயில்லைங்க. மேற்பார்வையாளர் எப்படி? அவரு பரவாயில்லைங்க. கை விரலில் என்ன கட்டு? பெல்ட்டுல மாட்டிருச்சுங்க, பரவாயில்லைங்க.

கருவிக்கு அந்தச் சொல் நல்ல சொல். எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் பச்சை அடித்திருந்தது. முப்பத்தெட்டு ஆய்வுகளில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு முறை வந்திருந்தது.

"நானும் ஈரோட்டுக்காரிதான்க்கா. எனக்கே தோணலை" என்றாள் பிரவீனா. குரல் இறங்கியிருந்தது. பிறகு கறுப்பு அட்டை போட்ட அசல் ஆய்வேடுகளில் நான்கைந்தை எடுத்துப் புரட்டினாள். "கருவியை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எழுதினவங்களே இப்படித்தான் அட்டவணை போட்டிருக்காங்க. பரவாயில்லைன்னு சொன்னவங்க எல்லாம் திருப்தி. கருவி அதையும் சேர்த்துப் படிச்சிருக்கு."

"ஒறம்பரையா விருந்துக்குப் போன ஊட்டுல சோறு பத்தாமப் போனாலும் பரவாயில்லைங்கன்னுதானுங்க சொல்லுவோம். காலை மிதிச்சுப்போட்டாலும் அதேதான். மேனேசரு எட்ட நின்னு பாத்துக்கிட்டு இருக்கறப்ப, காலேஜ் புள்ளை வந்து எப்பிடி இருக்குதுன்னு கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

பிரவீனா இன்னொரு பட்டியலை இறக்கினாள். 2001ஆம் வருடத்து ஆய்வு. ஐம்பது பேரிடம் பேட்டி எடுத்திருந்தார்கள். பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆலையின் பெயரும் இல்லை, சிங்காநல்லூர்ப் பகுதி என்று மட்டும் இருந்தது. குழந்தையம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டே வந்தாள். பதினேழாம் எண்ணில் அவள் விரல் நின்றது.

'பதிலாளர் 17. வயது 22. மணமானவர். சொந்த ஊர் அவிநாசி அருகே. கேள்வி: உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா? பதில்: இருமல் இருக்குதுங்க. நெஞ்சுக்குள்ள பஞ்சு போயி உக்காந்துக்கிட்ட மாதிரி. போன ஐப்பசில அஞ்சு மாசம் முழுகாம இருந்தேனுங்க. சைடுல நடந்துக்கிட்டு இருக்கறப்பவே போயிருச்சுங்க. அரை நாள் லீவு குடுத்தாங்க. இப்பப் பரவாயில்லைங்க.'

அதன்மேல் பச்சைப் பட்டை ஓடியிருந்தது. அசல் ஆய்வேட்டின் அட்டவணையில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே, உடல்நலப் பிரச்சினை இல்லை, விடுப்பு வசதி திருப்தி என்று இருந்தது.

"அக்கா?" என்றாள் பிரவீனா.

"இது நானுங்க."

மின்விசிறியை நிறுத்தினாள், சன்னல்களைச் சாத்தினாள். எல்லாவற்றையும் வழக்கமான வரிசையில் செய்துவிட்டு, "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பேட்டி எடுக்க ஒரு கல்லூரிப் பெண் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆலையில் கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு, ஷிப்டு முடிந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார்கள். ஒல்லியான பெண். துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள். மடியில் ஓர் அட்டை, அதில் செருகிய தாள். அவள் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அதுவரை குழந்தையம்மாளிடம் அப்படி யாரும் காத்திருந்து கேட்டதில்லை. அதனால்தான் சொன்னாள். மாமியாரிடமும் பக்கத்து சைடுக்காரியிடமும் பேசாததை அங்கே சொன்னாள். பிறகு எழுந்து போய்விட்டாள். எழுதினார்களா, இல்லையா என்றுகூட நினைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனபோது வெள்ளியங்கிரி பகல் வேலை முடிந்து வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் காப்பியை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் புள்ளை எழுதியிருக்குதா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்குதுங்க. நாஞ்சொன்னதை அப்பிடியே எழுதிப்போட்டு, அட்டவணையில பிரச்சினை இல்லைன்னு போட்டிருக்குதுங்க."

வெள்ளியங்கிரி டம்ளரைக் கையில் எடுத்தார். வயிற்றிலேயே போன பிள்ளையைப் பற்றி இருபத்துநான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் மகள் பிறந்தாள், வேலைகள் வந்தன, பேச இடம் இல்லாமல் போயிற்று.

"ஐப்பசியா அது?" என்றார். "நான் கார்த்திகைன்னு நெனச்சிருந்தேன்."

"ஐப்பசிதானுங்க. தீவாளி முடிஞ்சு எட்டாம் நாளு."

"எனக்குக் கார்த்திகைன்னே மனசுல நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். பிறகு அன்றைக்கு அவரே சோறு வடித்தார்.

மறுநாள் பிரவீனா நூலகத்துக்கு முன்னதாகவே வந்து காத்திருந்தாள். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல. இந்தப் பகுதியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுத்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. மீதமே போதுமான அளவு இருக்கிறது.

"எடுத்துட்டா என்னாகுமுங்க?"

"ஆலைப் பொம்பளைங்க பத்தி எதுவும் இருக்காது."

"இருக்கற ஒண்ணும் போயிரும்" என்றாள் குழந்தையம்மாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தனையும் ஒருக்காப் படிச்சுப் பாத்துரலாமுங்க. முன்னாடி ரெண்டு வரி, பின்னாடி ரெண்டு வரி படிச்சா, எந்தப் பரவாயில்லைன்னு எனக்குத் தெரியுமுங்க."

கருவியால் அதைச் செய்ய முடியவில்லை. செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டுமானாலும் முதலில் ஒரு மனிதர் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆயிரத்து நூற்று இருபத்தாறு இடங்கள். ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் முடியவில்லை. பிரவீனா வரியைத் திரையில் ஏற்றுவாள், குழந்தையம்மாள் படித்துவிட்டுச் சொல்வாள். நிஜமாகவே பரவாயில்லை என்பது ஒன்று. தாங்கிக்கொண்டது என்பது இரண்டு. பக்கத்தில் யாரோ நின்றார்கள் என்பது மூன்று.

"மூணாவதை எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?" என்று ஒருநாள் பிரவீனா கேட்டாள்.

"ரெண்டு கேள்விக்கு நல்லாப் பேசுவாங்க. ஒடனே ஒத்தச் சொல்லாப் போயிரும். அப்ப யாரோ வந்துட்டாங்கன்னு அர்த்தமுங்க. அவங்க போனதுக்கப்பறம் மறுக்கா நீளமாப் பேசுவாங்க. பாருங்க, இந்த இருபத்தொம்பது அப்பிடித்தான்."

ஏழெட்டு வாரம் ஆனது. சில நாட்களில் இருபதோடு நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் போய் இருமிவிட்டு வருவாள். தை பிறந்ததும் இருமல் அதிகமானது. ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லிப் பிரவீனா வற்புறுத்தினாள். எடுத்தார்கள். பழைய தழும்பு இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். அடுத்த நாள் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

எண்ணி முடித்தபோது நிஜமாகவே பரவாயில்லை என்பது இருநூற்றெட்டு. தாங்கிக்கொண்டது எழுநூற்று முப்பத்தொன்று. பக்கத்தில் யாரோ நின்றது நூற்று எண்பத்தேழு. பிரவீனா இதையெல்லாம் கருவிக்குள் ஏற்றித் திரும்ப ஓட்டினாள். ஆலைப் பெண்களின் பச்சை போய்விட்டது. சுருக்கத்தின் முதல் வரியைக் கருவி மாற்றி எழுதியது. அதைப் படித்துவிட்டுக் குழந்தையம்மாள் 'புரிந்தது' கட்டத்தில் குறி போட்டாள். மகிழ்ச்சியடைந்தாளா என்று சொல்ல முடியாது. முடிந்தது என்றிருந்தது அவளுக்கு.

2001இல் அந்த ஆய்வை எழுதியவர் சாயிரா பானு. உக்கடத்தில் வளர்ந்தவர். இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தார். பிரவீனா அவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தாள். பதில் வர ஒரு வாரம் ஆனது. பிறகு ஒரு சனிக்கிழமை அவரே நேரில் வந்தார்.

ஆய்வேட்டு அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பத்தாறு வயது. தேநீர் வாங்கி வருகிறேன் என்று பிரவீனா வெளியே போய்விட்டாள்.

சாயிரா பானு தன் பழைய ஆய்வேட்டைத் திறந்து பதினேழாம் எண்ணைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"பொய் சொல்ல விரும்பலைங்க. உங்களை எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். "சேலத்துலேர்ந்து வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். அந்த பெஞ்சு ஞாபகம் இருக்கு. பஞ்சு வாசம் ஞாபகம் இருக்கு. ஒரு வாரத்துல அம்பது பேரைப் பார்க்கணும். மேனேஜர் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரந்தான் குடுத்திருந்தார். தாள்ல உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம் இருந்துச்சு. நீங்க கடைசியா என்ன சொன்னீங்களோ அதைப் பார்த்துக் கட்டத்துல போட்டிருக்கேன்."

குழந்தையம்மாள் ஆய்வேட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அந்த வருசம் இந்த ஆய்வுக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்க" என்றார் சாயிரா பானு. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த இடத்தில் சொல்லிப் பழகிய சொல் குழந்தையம்மாளின் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"நாஞ்சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருந்தீங்க" என்றாள் குழந்தையம்மாள். "நெறையப் பேரு பேசுனதையே எழுதலைங்க, கட்டம் மட்டுந்தான் இருக்குது. நீங்க எழுதி வெக்காமப் போயிருந்தா, இது எம்மனசுலயே கெடந்து போயிருக்குமுங்க."

"அது போதுமாங்க?"

"போதாதுங்க" என்றாள் குழந்தையம்மாள். கோபமாகச் சொல்லவில்லை.

சாயிரா பானு தலையாட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அட்டவணை தவறு என்று அவரே கையெழுத்திட்டு எழுதிய குறிப்பு. அதை ஆய்வேட்டில் ஒட்டிவைக்க வேண்டும், கணினியில் உள்ள பிரதியிலும் சேர்க்க வேண்டும் என்றார். இன்னொரு தாள் ஒப்புதல் படிவம். பதினேழாம் எண்ணின் பேச்சைப் புதிய சுருக்கத்தில் போடலாமா, பெயரோடா, பெயரில்லாமலா என்று அதில் கேட்டிருந்தது.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட இதைக் கேக்கலை. கேக்கணும்னே எங்களுக்கு யாரும் சொல்லலை."

குழந்தையம்மாள் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். "பேரு வேண்டாங்க. எண்ணே இருக்கட்டும். ஆனா அஞ்சு மாசம்னு போட்டிருக்கறதை எடுத்துப்போடாதீங்க. அரை நாள் லீவையும் எடுக்க வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

தேநீரோடு வந்த பிரவீனா வாசலிலேயே நின்று, அவர்கள் தாள்களை மடித்து வைத்த பிறகு உள்ளே வந்தாள். மூவரும் தேநீர் குடித்தார்கள். சேலத்துக்கு எந்தப் பேருந்து வசதி என்பது பற்றிப் பேசினார்கள்.

வைகாசியில் திட்டம் முடிந்தது. முப்பத்தெட்டு ஆய்வுகளையும் சேர்த்து இருபது பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தார்கள். ஆலை விடுதிகளில் கொடுக்கலாம் என்று இரண்டு இடங்களில் கேட்டார்கள். அங்கே இப்போது இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒடிசாப் பெண்கள், தமிழ் படிக்கத் தெரியாது என்றார்கள். அவர்கள் மொழியிலும் கருவி எழுதித் தரும், ஆனால் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதைத் தேடப் பிரவீனாவிடம் நாட்கள் மிச்சமில்லை.

கடைசியில் சிங்காநல்லூரிலேயே, ஆலை மூடியபின் வேறு வேலைகளுக்குப் போகும் பெண்கள் இருக்கும் ஒரு குடியிருப்பில், சத்துணவுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசித்துக் காட்டினார்கள். பதினோரு பேர் வந்தார்கள். குழந்தையம்மாள்தான் வாசித்தாள். பதினேழாம் எண்ணின் பகுதி வந்தபோதும் மற்றவற்றைப் போலவே வாசித்தாள், நிறுத்தவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது யாரென்று தெரியாது.

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். பிறகு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எனக்கு நாலாவது மாசத்துல போயிருச்சுங்க" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், தனக்கு இரண்டு முறை என்றாள். இன்னொருத்தி தன் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பிரவீனா பையிலிருந்து நோட்டை எடுத்து, எழுதலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அவர்கள் சரி என்றார்கள்.

பிரவீனா குழந்தையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். இவர்கள் பேச்சைக் கேட்கத் தெரிந்தவள் அவள்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

"நீங்க எழுதுங்க கண்ணு" என்றாள் குழந்தையம்மாள். "என்னால இன்னிக்கு ஆகாது. நான் ஊட்டுக்குப் போறேன். சந்தேகம் வந்தா நாளைக்குக் கொண்டாங்க, படிச்சுப் பாத்துச் சொல்றேன்."

புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. குளத்து மேட்டுப் பக்கமாக நடந்தால் வீடு பத்து நிமிடம். பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். இரவு வேலை முடிந்து வந்து படுத்த வெள்ளியங்கிரி இன்னும் எழுந்திருக்கவில்லை. பாயை விரித்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, பொழுது சாயும் வரை தூங்கினாள்.